காரில் 'டொக்... டொக்...' சத்தம்: எங்கே, ஏன், எவ்வளவு அவசரம்?

சென்ற இதழில் கார் பாட்டரியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் பாதி பாட்டரியைப் பற்றியவையே அல்ல. "பாட்டரி இருக்கட்டும் அக்கா, எங்கள் காரில் முன்பக்கத்திலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன?" என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள்.

அதில் கோவைப் பக்கத்துச் சகோதரி ஒருவரின் கடிதம் மனசை என்னவோ செய்தது. கணவருக்கு வெளியூரில் வேலை. இரண்டு குழந்தைகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருவது இவர்தான். ஒன்பது வருஷத்துப் பழைய சின்னக் கார். ஒரு மாதமாக இடது முன்சக்கரத்துப் பக்கம் சத்தம். ஒர்க் ஷாப்பில் காட்டினால், வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், நாலு ஷாக் அப்ஸார்பர், இரண்டு லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ராக் எல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். "அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. ஆனால் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு போகிறேனே, வழியில் சக்கரம் கழன்றுகொண்டு விடுமோ என்று ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஓட்டலாமா, கூடாதா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இந்தச் சத்தத்தில் முப்பது நாள் பொறுக்கக்கூடியதும் உண்டு. முப்பது நிமிஷம்கூடப் பொறுக்கக் கூடாததும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பயமும் குறையும், பணமும் மிச்சமாகும். வழக்கம்போல் என் தம்பியின் பட்டறைக்குப் போய், பல் விளக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவனைத் தொந்தரவு செய்து, கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் உடம்பில் இடுப்பு மூட்டு எப்படி? ஒரு கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை. நடுவில் வழவழப்புக்கு ஒரு பசை. எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்கக் குருத்தெலும்பு. காரின் அடிப்பக்கமும் அச்சு அசலாக அதேதான்! சக்கரத்தைத் தாங்கும் கையின் நுனியில் 'பால் ஜாயின்ட்' என்று ஒரு கிண்ணமும் உருண்டையும். உள்ளே கிரீஸ். மேலே மூடிக்கொள்ள ஒரு ரப்பர் உறை. இரும்பும் இரும்பும் சேரும் இடங்களில் 'புஷ்' என்கிற ரப்பர். உறை கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே போகும். அப்புறம் உருண்டை கிண்ணத்துக்குள் ஆட ஆரம்பிக்கும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்த ஆட்டம்தான் 'டொக்' என்று கேட்கிறது. மூட்டு வலிக்காரர்கள் படி இறங்கும்போது 'கடக்' என்கிறதே, அதே கதை.

அம்பாசிடர் கார் ஓடிய காலத்தில் இந்த மூட்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் அடிக்க வேண்டும். சர்வீஸுக்கு விட்டால் கிரீஸ் கன்னை வைத்து ஒவ்வொன்றாக 'புஸ் புஸ்' என்று அடிப்பார்கள். இப்போது வருபவை பெரும்பாலும் மூடி சீல் வைத்தே வருகின்றன. நமக்கு வேலை மிச்சம். ஆனால் உறை கிழிந்துவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, "வண்டி அதிகம் ஓடவே இல்லையே, எப்படிப் போகும்?" என்று கேட்கிறீர்கள். ரப்பருக்குக் கிலோ மீட்டர் கணக்கோடு வயசுக் கணக்கும் உண்டு. நம் ஊர் வெயிலில் நின்றே வெடித்துப் போகும்.

டிக்கியைக் காலி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். எந்த மெக்கானிக்கிடமும் போகுமுன் செய்ய வேண்டியது இதுதான். டிக்கியில் உள்ள ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி சக்கரம் மூன்றும் அதனதன் இடத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா? ஸ்டெப்னியை அழுத்திப் பிடிக்கும் திருகு தளர்ந்தால் அது போடும் சத்தம் பின்பக்க ஷாக் அப்ஸார்பர் போன மாதிரியே இருக்கும். எங்கள் தெரு மாமி ஒருவர் காரில் இரண்டு மாதமாக 'கடங் கடங்'. கடைசியில் பார்த்தால் பின்சீட்டுக்கு அடியில் உருண்டு போன வெண்கல உருளி! கல்யாணத்துக்கு எடுத்துப் போனதாம். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், யாரும் மாட்டாத பின்சீட்டு பெல்ட்டின் இரும்பு நாக்கு கதவில் தட்டுவது, தளர்ந்த நம்பர் பிளேட், சரியாக மூடாத பானெட் எல்லாம் பார்த்து, துணி சுற்றி, கட்டிவிட்டு, ஒரு நாள் ஓட்டுங்கள். அப்புறமும் சத்தம் இருந்தால் மேலே படியுங்கள்.

சத்தம் எப்போது வருகிறது?

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் என்ன கேட்கிறார்? எப்போதிலிருந்து, ராத்திரியிலா பகலிலா, குளிருகிறதா, வாந்தி உண்டா? காருக்கும் அப்படித்தான். 'சத்தம் வருகிறது' என்று மட்டும் போய் நின்றால், எதிரில் இருப்பவர் தனக்குத் தோன்றியதையெல்லாம் மாற்றச் சொல்வார். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, நாலு நாள் எழுதி வையுங்கள்.

சின்னச் சின்னக் குழிகளில், மெதுவாகப் போகும்போது 'லொட லொட' அல்லது 'டொக் டொக்' என்று அடுத்தடுத்து வந்தால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பார் மேல். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஒரு வளைந்த இரும்புக் கம்பி இது. திருப்பத்தில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் இதன் இரண்டு நுனியிலும் 'லிங்க் ராடு' என்று ஒரு ஒல்லிக் குச்சி இருக்கும். குச்சியின் முனைகளில் குட்டிக் குட்டி பால் ஜாயின்ட். சில பழைய சின்னக் கார்களில் குச்சி கிடையாது, கம்பியே நேராக லோயர் ஆர்மில் போய் ரப்பரோடு மாட்டியிருக்கும். முன்பக்கச் சத்தம் என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் அதிகம் பார்ப்பது இந்தக் குச்சியையும் ரப்பரையும்தான் என்கிறான் தம்பி. சஸ்பென்ஷன் சாமான்களில் விலை குறைந்தவற்றில் இவையும் சேர்த்தி.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு அழகான சோதனை உண்டு. தெருவை அடைத்து முழு அகலத்துக்கும் போட்ட வேகத்தடை ஒன்றில் நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒரே சமயத்தில் ஏறும்படி மெதுவாகப் போங்கள். இப்போது சத்தம் இல்லை. அதே வேகத்தில் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி போங்கள். 'டொக்'! அப்படியானால் ஸ்டெபிலைசர் கம்பி, அதன் லிங்க் ராடு, அதன் ரப்பர் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏன் என்றால், இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தக் கம்பி சும்மா சுழன்று கொடுக்கிறது, முறுக்கு ஏறுவதில்லை. ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று இறங்கும்போதுதான் ஈரத் துணி பிழிவதுபோல் முறுக்குகிறது. அப்போது தளர்ந்த மூட்டு தட்டுகிறது. கோவைச் சகோதரி எழுதியிருக்கும் விவரம் ஏறக்குறைய இதேதான். 'வேகத்தடையில் வரவில்லை, குழியில்தான் வருகிறது' என்று அவரே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர்!

நேராக வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே 'தொம்' என்று கனமாக ஒரு அடி விழுந்தால் அது வேறு. ஷாக் அப்ஸார்பர் தன் வேலையைச் செய்யவில்லை, அல்லது அதன் தலையில் உள்ள ரப்பர் மவுண்ட் நைந்துவிட்டது. காரின் மூலையைக் கையால் நன்றாக அழுத்தி விட்டுவிட்டுப் பாருங்கள். மேலே வந்து நின்றுவிட வேண்டும். ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷாக் அப்ஸார்பர் போயிற்று. ஆனால் ஆடவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. முழுக்கச் செத்துப் போனதைத்தான் இந்தச் சோதனை காட்டும், அரை உயிரோடு இருப்பது தப்பித்துவிடும். உருளை மேல் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு அடையாளம் டயர். வண்டி நிற்கும்போது உள்ளங்கையை டயர் மேல் சுற்றிலும் தடவிப் பாருங்கள் (கம்பி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும், ஜாக்கிரதை). அலை அலையாக மேடு பள்ளம் தட்டினால் ஷாக் அப்ஸார்பரையோ வீல் பாலன்ஸையோ பார்க்க வேண்டும். ஒரு விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது ஏதோ மூட்டு தளர்ந்திருக்கிறது.

ஷாக் அப்ஸார்பரை மாற்றினால் முன்பக்கம் இரண்டுமோ பின்பக்கம் இரண்டுமோ ஜோடியாக மாற்றுவதுதான் முறை. ஒரு கால் செருப்பு மட்டும் புதுசாகப் போட்டால் நடை எப்படி இருக்கும்? ஆனால் முன்பக்கம் போனதற்காகப் பின்பக்கமும் சேர்த்து நாலையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. நாலும் என்றால் நாலும் ஏன் என்று கேளுங்கள்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டொய்ங்' என்று கம்பி துள்ளும் சத்தம் வருகிறதா? முன்பக்க ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு பேரிங் இருக்கிறது. அது இறுகிவிட்டால் ஸ்பிரிங் கூடவே திரும்பாமல் முறுக்கிக்கொண்டு, கடைசியில் துள்ளி விடுகிறது. (இந்த ஸ்ட்ரட் அமைப்பு ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1940-களில் வகுத்தது. ஷாக் அப்ஸார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணில் வருகிற சிக்கன ஏற்பாடு. இன்றைய சின்னக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் இதுதான்.) ஸ்பிரிங்கே ஒடிந்திருந்தாலும் இப்படிச் சத்தம் வரும், அப்போது அந்த மூலை மட்டும் சற்றுத் தாழ்ந்து தெரியும். ஒடிந்த முனை டயரைக் கிழித்துவிடக் கூடும் என்பதால் அது உடனே பார்க்க வேண்டிய விஷயம். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் தலையில் கை வைத்தால் அந்தத் துள்ளல் கைக்குத் தெரியும். கை வைப்பவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னலை உள்ளே தள்ளிக்கொண்டு, பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் நிற்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் நினைத்தபோது தானே சுற்ற ஆரம்பிக்கும். சுடிதார் துப்பட்டா போட்டவர்கள் கழற்றி வைத்துவிடுங்கள்.

பிரேக் போடும்போதும், வண்டியை எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் புஷ், அல்லது எஞ்சின் மவுண்டிங். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் போனால் கிளட்ச் விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் எஞ்சினே அசைந்து இடிக்கும். இதற்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. அதே மாதிரி, கரடுமுரடான ரோட்டில் சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே பிரேக் பெடலை லேசாக, வேகம் குறையாத அளவுக்குத் தொட்டுப் பாருங்கள் (பின்னால் வண்டி வராதபோது). தொட்டதும் சத்தம் நின்றுவிட்டால் பிரேக் பேடோ காலிப்பரோ தளர்ந்து தட்டுகிறது. நாலு ஷாக் அப்ஸார்பரும் மாற்றி, சத்தம் அப்படியே இருந்து, கடைசியில் பிரேக் பேடுக்கு ஒரு கிளிப் போட்டதும் நின்ற கதை தம்பியிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது 'டிக் டிக் டிக்' என்று வந்து, வேகம் கூடினால் டிக்டிக்கும் வேகமானால் அது ஆக்ஸிலில் உள்ள சி.வி. ஜாயின்ட். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். ஆரம்பத்திலேயே, கிழிந்த உறையை மட்டும் பார்த்துவிட்டால், ஜாயின்ட் பிழைத்துக்கொள்ளும்.

கையில் தெரியும் சத்தம்

காதில் கேட்பதோடு ஸ்டீயரிங்கிலும் 'தட் தட்' என்று தட்டினால் சங்கதி ஸ்டீயரிங்கைச் சேர்ந்தது. வழி ரொம்ப நீளமில்லை. நாம் பிடிக்கும் சக்கரம், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு தண்டு, தண்டின் நடுவில் மடங்கும் மூட்டு, அடியில் ராக் என்னும் பல்சட்டம், அதன் இரு பக்கமும் ராக் எண்டு, அப்புறம் டை ராடு எண்டு, அதோடு சக்கரம். இதில் எங்கே ஆட்டம் என்று பார்க்க வேண்டும்.

வண்டி தரையில் நிற்கட்டும், ஹாண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு விரல்கடை தூரம் மட்டும் இடமும் வலமுமாக விரைவாக அசையுங்கள். தயிர் கடைவது மாதிரி. சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து நிற்கும் மெக்கானிக் (வண்டிக்கு அடியில் அல்ல, பக்கத்தில்) டை ராடு எண்டில் விரலை வைத்துப் பார்த்தால் ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும். ராக் எண்டு அக்கார்டியன் மாதிரி ஒரு ரப்பர் உறைக்குள் இருக்கும். அந்த உறையோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ராக் விலை அதிகம். 'ராக் போச்சு' என்று ஒருவர் சொன்னால், ராக் எண்டு, டை ராடு எண்டு, தண்டு மூட்டு மூன்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா என்று கேளுங்கள். ராக்கில் இறுக்கும் திருகு ஒன்று உண்டு. சில மெக்கானிக்குகள் அதைச் சற்று முறுக்கிச் சத்தத்தை நிறுத்திக் கொடுப்பார்கள். அளவோடு செய்தால் பரவாயில்லை. அதிகம் முறுக்கிவிட்டால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பி வராது. அப்படியிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வரவே கூடாது, அங்கேயே தளர்த்தச் சொல்லுங்கள். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள சில கார்களில் அந்த மோட்டாருக்குள் பூ மாதிரி ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் இருக்கும். அது நைந்தால் ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டும்போதே 'டிக் டிக்' என்னும். அந்தத் துண்டு ரப்பர் விலை அற்பம், கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். இதற்கு முழு ஸ்டீயரிங் காலமே மாற்ற வேண்டும் என்று சொன்னால் இன்னொரு இடத்திலும் கேட்டுவிடுங்கள்.

எது பொறுக்கும், எது பொறுக்காது

பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ புதிதாக 'டொக் டொக்' ஆரம்பித்தால், வீடு வரை ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளைப் பாருங்கள். நிஜமாகவே சக்கரம் கழன்று போகக்கூடிய சத்தம் இது. டிக்கியில் உள்ள ஸ்பேனரால் ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் குறுக்கே குறுக்கே இறுக்க வேண்டும், வரிசையாக அல்ல. நமக்குக் கை பலம் போதாவிட்டால் அடுத்த டயர் கடைக்காரரை வரச்சொல்லுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் ஐம்பது, நூறு கிலோ மீட்டர் ஓடியதும் ஒரு தரம் நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது லோயர் ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட். இது முழுக்கப் பிடுங்கிக்கொண்டால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். ஸ்டீயரிங் நம் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. டை ராடு எண்டு கழன்றாலும் அந்தச் சக்கரம் நாம் சொல்வதைக் கேட்காது. இவை இரண்டிலும் ஆட்டம் என்று தெரிந்தால் அதே நாளில் மாற்றிவிட வேண்டும், 'சம்பளம் வரட்டும்' என்று தள்ளக் கூடாது. ஆனால் ஒன்று, இவை ஒரே நாளில் கழன்று விழுவதில்லை. பெரும்பாலும் பல வாரங்கள் சத்தம் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் இழுத்து, டயரைத் தேய்த்து, சொல்லிவிட்டுத்தான் போகும். நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரேடியோ பாட்டைச் சற்று நிறுத்தி வைத்தாலே பாதி தெரியும்.

லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் ரப்பரும் சில வாரம் பொறுக்கும். திருப்பத்தில் வண்டி கொஞ்சம் சாயும், சத்தம் எரிச்சலூட்டும், அவ்வளவுதான். ஷாக் அப்ஸார்பர், ஸ்ட்ரட் மவுண்ட், ஆர்ம் புஷ் இவை நடுத்தரம். ரொம்ப நாள் விடக் கூடாது, பிரேக் போட்டால் வண்டி நிற்கும் தூரம் கூடும். கர்ப்பிணிகள், முதுகு வலிக்காரர்கள் ஏறும் வண்டியானால் இன்னும் சீக்கிரம் கவனியுங்கள்.

ஆகவே கோவைச் சகோதரிக்கு: உங்கள் சத்தம் பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது அதன் ரப்பராகத்தான் இருக்கும். ஆனாலும் காகிதத்தில் படித்துவிட்டு நான் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? ஆகையால் வேறொரு பட்டறையில் வண்டியைத் தூக்கி, இடது முன்சக்கரத்தின் பால் ஜாயின்டையும் டை ராடு எண்டையும் மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி வேலை. அதுவரைக்கும் குழந்தைகள் ஆட்டோவில் போகட்டும். அவை இரண்டும் திடமாக இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டால், லிங்க் ராடை மட்டும் மாற்றிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். மற்றதெல்லாம் ஒன்றொன்றாக, தேவைப்பட்டால், பிறகு.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

'லிங்க் ராடு மாத்துங்க' என்று போய்ச் சொல்லாதீர்கள். சொன்னால் மாற்றிவிடுவார்கள், சத்தம் நிற்காவிட்டால் 'நீங்கதானேம்மா சொன்னீங்க' என்பார்கள். நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். "இடது பக்கம், ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது, இருபது கிலோ மீட்டர் வேகத்துக்குள், ஒரு மாதமாக" என்றால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் தெருவிலேயே ஓட்டிக் காட்டுங்கள். கண்ணாடியை இறக்கி ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓரமாக மெதுவாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி.

வண்டியைத் தூக்கியதும் பக்கத்தில் போய் நில்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்டோ வீல் பேரிங்கோ. இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் முதலில் டை ராடு, ராக் எண்டைப் பார்க்க வேண்டும். ஒரு கடப்பாரைத் துண்டை வைத்து ஜாயின்டை நெம்பிக் காட்டச் சொன்னால் ஆட்டம் உங்கள் கண்ணுக்கே தெரியும். காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் வேலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். வீட்டில் ஜாக்கி போட்டு இதையெல்லாம் நாமே செய்து பார்க்கலாமா என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. உங்கள் வீட்டுக்காரர் போனாலும் இழுத்து வெளியே விடுங்கள்.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். டை ராடு எண்டு, ராக் எண்டு, லோயர் ஆர்ம் இவற்றைத் தொட்டால் பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் ஒரு மாதத்தில் புது டயர் பாழ். லிங்க் ராடு மட்டும் மாற்றியதற்கு அலைன்மென்ட் தேவையில்லை.

இன்னொரு நுணுக்கம், நல்ல மெக்கானிக்குகளுக்கே சில சமயம் அவசரத்தில் விட்டுப்போவது. ரப்பர் புஷ் உள்ள ஆர்மின் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கிவிடக் கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து, சில மாதங்களில் கிழிந்து, பழைய சத்தம் திரும்ப வரும். "பாரத்துல வச்சு டைட் பண்ணிடுங்க அண்ணே" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

ஷாக் அப்ஸார்பர் மாற்றிய மறுநாளே அதே பக்கம் மறுபடி 'டொக்' என்றால் புது சாமான் மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள நட்டு சரியாக இறுகாமல் இருப்பதுதான் பல தடவை காரணம். எடுத்துக்கொண்டு போனால் ஐந்து நிமிஷத்தில் இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.